வட்டிப்பணம்

எங்கள் கிளையில் ஒரு சபையின் கணக்கு இருக்கிறது. எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு சார்ஜ் ஷீட் வரும். போதகர், பொருளாளர், செயலாளர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும். ஒரு திங்கட்கிழமை காலையில் நாலைந்து பேர் வந்து, புதுக் கமிட்டி தேர்ந்தெடுத்தாயிற்று, இதோ தீர்மான நகல், இனிமேல் கையெழுத்து எங்களுடையது என்றார்கள். அன்று மத்தியானமே இன்னொரு நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களிடமும் தீர்மானம் இருந்தது, அதே முத்திரையும் இருந்தது. கவுண்டருக்கு முன்னாலேயே கைகலப்பு ஆகிவிடும் போலிருந்தது. நான் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றேன். வங்கிக்காரனுக்குத் தெரிந்த ஒரே வேதாந்தம் அதுதான்.

பக்கத்து சீட்டில் இருக்கும் சேச்சி மார்த்தோமா சபைக்காரர், திருவல்லா பக்கம். எல்லாம் அடங்கிய பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், வட்டிப்பணம் கேஸ்னு கேட்டதுண்டா?"

நான் கேட்டதில்லை. தஞ்சாவூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இத்தனை வருஷத்தில், சிரியன் கிறிஸ்தவர்களில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா, மார்த்தோமா என்று பல பிரிவுகள் உண்டு என்பதும், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவு சுகமில்லை என்பதும் மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அசலைப் பார்த்துவிடலாம். 1808-ஆம் வருஷம். திருவிதாங்கூரின் முதல் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே இருந்த காலம். மலங்கரை சிரியன் சபையின் பெயரில் 3000 நட்சத்திர வராகன் கிழக்கிந்தியக் கம்பெனியில் வைப்புத் தொகையாகப் போடப்பட்டது. வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 8, என்றென்றைக்கும். அசலை எடுக்க முடியாது, வட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கும். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்பது கம்பெனிக் கணக்கு. ஆக அசல் 10,500 ரூபாய், வருஷ வட்டி 840 ரூபாய், மாதம் 70. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதற்குள் போக வேண்டாம். அன்றைக்கு 840 ரூபாய் சின்னத் தொகை இல்லை. 1815-இல் கோட்டயத்தில் பாதிரிமார் படிக்க ஒரு செமினாரி எழும்பியபோது அதற்கு இந்த வட்டிதான் கை கொடுத்தது. இன்றும் 'பழைய செமினாரி' என்ற பெயரில் அது நிற்கிறது.

(சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே 10,500 ரூபாயை 8 சதவீதக் கூட்டு வட்டியில் கையை வைக்காமல் விட்டிருந்தால், வழக்கு வந்த 1913-இல் மூன்று கோடியைத் தாண்டியிருக்கும். அந்தப் பணத்தில் எத்தனை கோர்ட்டுகளை விலைக்கு வாங்கியிருக்கலாம்!)

இந்த வட்டிக்கு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். அவர்தான் மலங்கரை மெத்ராபோலீத்தா. சரி, யார் மெத்ராபோலீத்தா? பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். ஆனால் முதலில் அது கையெழுத்துச் சண்டையாக ஆரம்பிக்கவில்லை. ஆராதனையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, அதைச் சொல்ல வேண்டியது பைபிளா பரம்பரை வழக்கமா என்ற சண்டையாகத்தான் ஆரம்பித்தது.

கோட்டயம் செமினாரிக்கு உதவி செய்ய லண்டனிலிருந்து சி.எம்.எஸ். மிஷனரிகள் வந்தார்கள். பெய்லி, ஃபென், பேக்கர் என்று மூன்று பேர். பெய்லி அச்சுக்கூடம் போட்டு, மலையாளத்தில் புதிய ஏற்பாட்டை 1829-இல் அச்சடித்தார். அதுவரை சிரியன் கிறிஸ்தவர்களின் குர்பானா முழுவதும் சுரியானி மொழியில். ஜனங்களுக்கு ஒரு அட்சரம் புரியாது. புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தச் செமினாரியில் சுரியானி சொல்லிக்கொடுத்தவர் ஆபிரகாம் மல்பான் (மல்பான் என்றால் ஆசிரியர்). பம்பைக் கரையில் மாராமண் அவருடைய ஊர். பாலக்குந்நத்துக் குடும்பம், 1796-இல் பிறந்தவர். மிஷனரிகளோடு உட்கார்ந்து பைபிளை வாசித்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேவனுக்கும் மனிதருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கும்போது நாம் ஏன் புனிதர்களிடம் வேண்டுகிறோம்? புரியாத பாஷையில் பேசுவதால் சபைக்கு என்ன பயன் என்று கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அவ்வளவு நீளமாகக் கேட்டிருக்கும்போது நாம் ஏன் சுரியானியிலேயே ஆராதனை நடத்துகிறோம்? இறந்து போனவர்களுக்காக ஜெபம் செய்யச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது?

மிஷனரிகள் பேச்சைக் கேட்டு ஆடியவர் என்று இவரை ஒதுக்கிவிட முடியாது. 1835 கடைசியில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கோட்டயத்துக்கு வந்து சிரியன் சபைக்குச் சில யோசனைகள் சொன்னார். செமினாரியில் படித்தவர்களுக்கு மட்டும் பட்டம் கொடுங்கள், கோயில்தோறும் பள்ளிக்கூடம் வையுங்கள், ஜெபங்களை மலையாளத்தில் சொல்லுங்கள் என்று போகிறது பட்டியல். அதில் ஒன்று, கோயில் சொத்துக் கணக்கை வருஷாவருஷம் ரெசிடெண்டிடம் காட்ட வேண்டும் என்பது. ஆடிட் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? 1836 ஜனவரி 16-ஆம் தேதி மாவேலிக்கரையில் செப்பாட்டு மார் தீவன்னாசியோஸ் தலைமையில் கூடிய சபை, யோசனைகள் ஒன்றும் வேண்டாம், எங்கள் வழக்கம் எங்களுக்கு என்று எழுதி முடித்தது. சி.எம்.எஸ். உறவு அதோடு அறுந்தது. சிலர் மிஷனரிகளோடு போய் ஆங்கிலிக்கன் ஆனார்கள். மல்பான் போகவில்லை. தன் சபைக்குள்ளேயே இருந்து அதைத் திருத்த வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மாவேலிக்கரை முடிந்த அதே வருஷம், வேதத்துக்கு ஒவ்வாத வழக்கங்கள் என்று 24 குறைகளை எழுதி, பன்னிரண்டு பேராகக் கையெழுத்திட்டு ரெசிடெண்ட் ஃப்ரேசரிடம் கொடுத்தார்கள். மாராமண் கோயிலில் மல்பான் மலையாளத்தில் குர்பானா நடத்தினார்.

இந்த இடத்தில் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பிஷப் வில்சன் எங்கள் தஞ்சாவூர் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்த பெயர்தான். சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று 1833-இல் கடிதம் எழுதியவர் அவரே. அதற்கு முன்னாலேயே தஞ்சாவூரில் இந்தச் சண்டை பழுத்துவிட்டிருந்தது. வேதநாயகம் சாஸ்திரியாரை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். 1820-களில் வந்த இளம் மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம், பூ வேண்டாம், பழைய பைபிள் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றபோது சாஸ்திரியார் எழுத்தாணியைத் தூக்கினார். மிஷன் வேலை போனது. கூடப் படித்த சரபோஜி மன்னர்தான் ஆதரித்தார். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் சாஸ்திரியார் கட்சி. பூ வைக்கக்கூடாது என்று எந்த வசனத்தில் இருக்கிறது? பாட்டை நிறுத்த இவர்கள் யார்? பிற்பாடு முழுக்கப் படித்தபோதுதான் தெரிந்தது, சாஸ்திரியார் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற பட்டியலில் பூவும் பாட்டும் மட்டும் இல்லை, நற்கருணையில் சாதி பார்த்து உட்காரும் வழக்கமும் இருந்தது. எங்கள் சுதந்திரம், எங்கள் வழக்கம் என்ற ஒரே வாதத்துக்குள் இரண்டும் சேர்ந்தே கிடந்தன. அதற்குப் பிறகு அவ்வளவு உற்சாகமாக அவர் கட்சி பேச என்னால் முடிவதில்லை. அவருடைய கீர்த்தனைகளைப் பாடுவதை மட்டும் விடவில்லை.

தஞ்சாவூரில் வெள்ளைக்காரர் திருத்த வந்தார், உள்ளூர்க்காரர் எதிர்த்தார். மாராமணில் திருத்த வந்தவரே உள்ளூர்க்காரர். அதனால்தான் அங்கே காயம் ஆழமாகப் பட்டது என்று நினைக்கிறேன்.

மாராமண் கோயிலில் புனிதர் பசேலியோஸ் எல்தோவின் மரச்சிலை ஒன்று இருந்தது. 'முத்தப்பன்' என்று ஜனங்கள் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழா, ஊர்வலம். 1837-இல் திருவிழா சமயத்தில் மல்பான் அந்தச் சிலையை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டார். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வேறு என்ன செய்வது என்பது அவர் நியாயம். ஆனால் அந்த முத்தப்பனிடம் நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற ஒரு அம்மாள் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றிருந்தால், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மல்பானைப் பற்றிப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து நின்றுவிடுகிறேன். அவர் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. என் சி.எஸ்.ஐ. மூளை அவர் பக்கம்தான். மனசு கொஞ்சம் கிணற்றடியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மெத்ராபோலீத்தா மல்பானைச் சபைக்குப் புறம்பாக்கினார். மல்பானிடம் படித்த பையன்களுக்குப் பட்டம் கிடையாது என்றார். மல்பான் யோசித்தார்: இவருக்கு மேலே யார்? அந்தியோக்கியா பாத்ரியார்க்கீஸ். உடனே அண்ணன் மகன் மத்தேயுவை சுரியா நாட்டுக்கு அனுப்பினார். அந்தப் பையன் பாத்ரியார்க்கீஸைத் தேடி மார்தீன் போய்ச் சேர்ந்து, 1842-இல் அங்கே அபிஷேகம் பெற்று, மத்தேயூஸ் மார் அத்தனாசியோஸ் என்ற பெயரோடு பிஷப்பாகவே திரும்பி வந்தார். பைபிளைத் தவிர வேறு அதிகாரம் வேண்டாம் என்று ஆரம்பித்த சீர்திருத்தம், பிழைப்பதற்குப் பரம்பரை அதிகாரத்தின் கையெழுத்தையே வாங்கி வர வேண்டியிருந்தது. 1845-இல் மல்பான் இறந்துபோனார். 1852-இல் திருவிதாங்கூர் மகாராஜா, மத்தேயூஸ்தான் மலங்கரை மெத்ராபோலீத்தா என்று விளம்பரம் செய்தார். சர்க்கார் யாரை அங்கீகரிக்கிறதோ அவர்தான் சொத்துக்குக் கையெழுத்து.

சீர்திருத்தம் பிடிக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் அதே பாத்ரியார்க்கீஸிடம் போனார்கள். புலிக்கோட்டில் ஜோசப் மார் தீவன்னாசியோஸ் பிஷப்பாகி வந்தார். 1875-இல் பாத்ரியார்க்கீஸே நேரில் கப்பலேறி வந்து, மறு வருஷம் முளந்துருத்தியில் சபையைக் கூட்டினார். 1877-இல் மத்தேயூஸ் இறந்தார். அவர் ஏற்கெனவே அபிஷேகம் செய்து வைத்திருந்த தாமஸ் மார் அத்தனாசியோஸ் செமினாரியில் உட்கார்ந்தார். இவர் ஆபிரகாம் மல்பானின் சொந்த மகன். 1879-இல் ஆலப்புழைக் கோர்ட்டில் வழக்கு விழுந்தது. செமினாரியையும் சொத்துகளையும் விட்டு வெளியே போ என்பதுதான் வழக்கு.

பத்து வருஷம் நடந்தது. ஆலப்புழையில் தோற்று, திருவனந்தபுரம் மேல்கோர்ட்டிலும் தோற்று, கடைசியில் மகாராஜாவின் ராஜகீய அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. 1889 ஜூலை 12-ஆம் தேதி தீர்ப்பு. மூன்று நீதிபதிகள்: கிருஷ்ணசாமி ராவ், சீதாராம ஐயர், ஆர்ம்ஸ்பி. இரண்டு இந்துக்கள், ஒரு கிறிஸ்தவர். கிறிஸ்தவரான ஆர்ம்ஸ்பி தாமஸ் மார் அத்தனாசியோஸ் பக்கம் எழுதினார். இந்துக்கள் இரண்டு பேரும் புலிக்கோட்டில் பக்கம். இரண்டுக்கு ஒன்று.

தீர்ப்பு நின்ற இடம், மலங்கரை மெத்ராபோலீத்தா ஆக வேண்டுமானால் பாத்ரியார்க்கீஸோ அவர் அனுப்பியவரோ அபிஷேகம் செய்திருக்க வேண்டும், ஜனங்களும் ஏற்றிருக்க வேண்டும், அதுதான் இந்தச் சபையின் வழக்கம் என்பதில். பாத்ரியார்க்கீஸுக்கு ஆவிக்குரிய அதிகாரம் மட்டுமே, சொத்தில் அதிகாரமில்லை என்றும் எழுதி வைத்தார்கள். (இந்த வரி பிற்பாடு இன்னொரு குண்டாக வெடித்தது.) புனிதர்களிடம் வேண்டலாமா, இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று பைபிளை வைத்து மல்பான் கேட்ட கேள்விகளைத் தீர்த்து வைப்பது கோர்ட்டின் வேலையாக இருக்கவில்லை. முதலில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கள் கவுண்டரை நினைத்துக்கொண்டேன். நானும் அந்தத் திங்கட்கிழமை இரண்டு கோஷ்டியிடமும் உங்களில் யார் நல்ல கிறிஸ்தவர் என்று கேட்கவில்லையே.

தோற்றவர்கள் கையில் மாராமண் போலச் சில கோயில்கள் மட்டும் மிஞ்சின. மார்த்தோமா சபையின் தனி வாழ்க்கை அங்கிருந்து தொடங்குகிறது. செமினாரி இல்லை, வட்டி இல்லை. 1888-லேயே பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சுவிசேஷ சங்கம் வைத்திருந்தார்கள். 1895 மார்ச்சில் பம்பை மணலில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதுதான் மாராமண் கன்வென்ஷன், இன்றைக்கும் பிப்ரவரியில் நடக்கிறது. முதல் வருஷம் அங்கே பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர் 'தமிழ் டேவிட்' என்று பெயரெடுத்த நம்மாள்! இதைச் சொன்னபோது சேச்சிக்கே தெரியவில்லை. அன்று முழுக்க எனக்குத் தலை நிற்கவில்லை :-)

ஜெயித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால் இல்லை. வட்டிப்பணம் கேஸ் இனிமேல்தான் வருகிறது. 1909-இல் புலிக்கோட்டில் இறந்தார். அடுத்து வந்த வட்டச்சேரில் மார் தீவன்னாசியோஸ், சொத்தில் உமக்கு அதிகாரமில்லை என்று பாத்ரியார்க்கீஸ் அப்துல்லாவிடமே சொன்னார். 1911-இல் பாத்ரியார்க்கீஸ் அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். இவர் கட்சி, பதவி போயிருந்த இன்னொரு பாத்ரியார்க்கீஸை அழைத்து வந்து 1912-இல் தங்களுக்கென்று ஒரு கதோலிக்காவை வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் வேறு மெத்ராபோலீத்தா. ஆக வருஷ வட்டிக்கு இரண்டு கையெழுத்து. பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? எந்தப் பக்கமும் சாயாமல் பணத்தைத் திருவனந்தபுரம் ஜில்லா கோர்ட்டில் கட்டிவிட்டு, யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள் என்று 1913-இல் வழக்குப் போட்டது. கொல்லம் ஆண்டு 1088, ஒரிஜினல் சூட் நம்பர் 94. நான் கவுண்டரில் செய்ததைத்தான் இந்தியா மந்திரியும் செய்திருக்கிறார். படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

1919-இல் வட்டச்சேரிலுக்கு ஜெயம். 1923-இல் ஹைகோர்ட்டில் தலைகீழ். மறுபடி விசாரித்து 1928 ஜூலையில் மறுபடியும் வட்டச்சேரிலுக்கு. வருஷத்துக்கு 840 ரூபாய்க்கு பதினைந்து வருஷம், ஐகோர்ட் வக்கீல் பீஸ். இந்த வழக்கில் வேதவசனத்துக்கு வேலையே இல்லை. அந்தக் கட்சிக்காக உழைத்த மார் இவானியோஸ் 1930-இல் இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டு ரோமோடு சேர்ந்துவிட்டார். பட்டம் வழியாகப் போகும்போது தெரிகிற பெரிய கதீட்ரல் அந்த வழி வந்தது. மற்ற இரண்டு கட்சியும் 1958, 1995, 2017 என்று சுப்ரீம் கோர்ட் வரை போயும் முடியவில்லை. எந்தக் கட்சிக்காரர் பிணத்தை எந்தக் கல்லறையில் புதைப்பது என்று தகராறு வந்து, 2020-இல் இந்த ஊர்ச் சட்டசபை அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

சேச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் மிதப்பாக, "ஞங்ஙள் அன்னே விட்டதா சார்" என்றார். அன்றே விட்டதென்னவோ உண்மை. ஆனால் கேள்வி விடவில்லை. மார்த்தோமா சபைக்குள்ளேயே, நம் ஆராதனைப் புத்தகத்தில் இன்னும் வேதத்துக்கு ஒவ்வாத வரிகள் இருக்கின்றன என்று கே. என். தானியேல் என்ற வக்கீல் வருஷக்கணக்காக எழுதினார். ஜெபப் புத்தகம் கோர்ட் ஏறியது. 1961 ஜனவரி 26-ஆம் தேதி ஒரு கூட்டம் பிரிந்து போய் செயிண்ட் தாமஸ் இவாஞ்சலிக்கல் சபை ஆயிற்று. மல்பான் திறந்துவிட்ட கதவை யார் எங்கே நிறுத்துவது?

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு டேலி ஆகாது. பொய்கயில் யோஹன்னான். 1879-இல் திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிப்பேரூரில், அடிமைத்தனத்திலிருந்து வந்த பறையர் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கக் கற்று, மார்த்தோமா சபையில் சேர்ந்து, நன்றாகப் பிரசங்கமும் செய்தார். மல்பான் ஜனங்களின் மொழிக்குக் கொண்டுவந்த வேதத்தைத்தான் அவரும் வாசித்தார். சபைக்குள் சாதி அப்படியே இருந்தது. வேறு சபைக்குப் போனார், அங்கேயும் இருந்தது. தம் ஜனங்கள் பட்ட பாட்டைப் பற்றி இந்தப் புத்தகத்தில் ஒரு அட்சரமும் இல்லையே என்று பாட்டாகவே கேட்டார். பைபிளைத் தீயிலிட்டார். 1909-இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று தனியாக ஆரம்பித்தார். வேதம் எதை அனுமதிக்கிறது என்று சிலையையும் சுரியானியையும் வைத்து எழுபது வருஷம் வாதாடியவர்கள் யாரும், பக்கத்தில் உட்கார ஒருவனை அனுமதிக்கிறதா என்பதைக் கோர்ட் வரை கொண்டுபோகவில்லை. அந்த வாதத்தை எழுப்ப யோஹன்னானின் ஜனங்களுக்கு வட்டிப்பணமும் இல்லை, செமினாரியும் இல்லை. 1921-லும் 1931-லும் அவர் ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு நியமனம் ஆகி இந்த ஊருக்கு வந்து, நிலத்துக்காகவும் படிப்புக்காகவும் பேசினார். சபை கூடியது வி.ஜே.டி. ஹாலில். 2019-இல் அதற்கு அய்யங்காளி ஹால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன்.

எங்கள் கிளைக் கணக்குக்கு இன்னும் கோர்ட் ஆர்டர் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது. போன வாரம் அந்தச் சபையிலிருந்து ஒரு பெரியவர் தனியாக வந்தார். எந்தக் கோஷ்டி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழைக்குக் கோயில் ஓடு ஒழுகுகிறது, பலிபீடத்துக்கு மேலேயே சொட்டுகிறது, வட்டியிலிருந்து மட்டுமாவது ஏதாவது எடுக்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். பாஸ்புக்கில் பதிந்து தரச் சொன்னார். பதிந்து கொடுத்தேன்.